டைப்பிஸ்ட் என்றும் டிசைனர் என்றும்

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளின் கண்ணாடிகளில் ஒட்டப்படும் 'ஆள் தேவை' அறிவிப்புகளை நான் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். 'டிடிபி வேலைக்குப் பெண்கள் தேவை' என்பது ஒரு வகை. 'டிசைனர் தேவை' என்பது மற்றொரு வகை. இரண்டு வேலைக்கும் ஒரே கணினிதான், ஒரே கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான். முதல் அறிவிப்பில் பால் குறிப்பிடப்படுகிறது, இரண்டாவதில் குறிப்பிடப்படுவதில்லை. குறிப்பிடாமலேயே ஆண் என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. வேலைக்கு ஆள் எடுப்பதில் பால் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. கண்ணாடியில் ஒட்டிய அரைத்தாளை அந்தச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை.

இந்த இரண்டு சொற்களுக்கு நடுவிலிருக்கும் தூரத்தைத்தான் நான் இங்கே வாசிக்க முயல்கிறேன். பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு இருக்கும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டரைவிட இது கூடுதல் தூரம். அரியலூர், பெரம்பலூர்ப் பெண்கள் வரைகலை வேலை தேடித் தொலைதூர நகரத்துக்குக் கிளம்பும்போது முதலில் கடக்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் பக்கத்தில் பள்ளிப் படிப்பு முடிந்த பெண்ணை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ப்பது வழக்கம். லோயர், ஹையர், தமிழ், ஆங்கிலம் என்று அரசுத் தேர்வு எழுதுவார்கள். கல்யாணம் ஆகும்வரை கைத்தொழில் ஒன்று இருக்கட்டும் என்ற கணக்கு. தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தபோது அந்த விரல்கள் அப்படியே டிடிபி சென்டருக்குப் போயின. கல்யாணப் பத்திரிகை, வாக்காளர் பட்டியல், வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றையும் அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடித்த எழுத்தை நகர்த்தி, பெரிதாக்கி, நிறம் கொடுத்து, படத்தோடு சேர்த்துப் பக்கமாக்கியதும் பல கடைகளில் அதே பெண்கள்தான். ஆனால் பக்கம் கட்டுவதற்கு 'அடிக்கிறது' என்றே பெயர். 'அந்தப் பொண்ணு நல்லா அடிக்கும்' என்பார்கள். மேசையில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது 'டிசைன்' ஆகிறது.

இது எங்கள் ஊர்க் கடைக்காரரின் தனிப் பழக்கம் இல்லை. இங்கிலாந்தின் மோனோடைப், லைனோடைப் நிறுவனங்களின் வரைவறைகளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி எழுத்துருக்களைத் துல்லியமாக வரைந்து அச்சுக்குத் தயார் செய்தவர்களில் பெண்கள் ஏராளம். எழுத்துருக்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் ஆண்களின் பெயர். அந்த வரைவறைப் பெண்களின் வேலையைத் தேடித் தொகுக்க ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஃபியோனா ராஸ் தலைமையில் ஓர் ஆய்வே நடத்த வேண்டியிருந்தது. ராஸ் யாரென்றால், 1980களில் லைனோடைப் நிறுவனத்தில் இந்திய மொழிகள் உள்ளிட்ட லத்தீன் அல்லாத எழுத்துகளின் பிரிவை நடத்தியவர். நம் எழுத்துகளோடு நேரடித் தொடர்புள்ள ஒரு பெண்தான் அந்தப் பெயரில்லாப் பெண்களைத் தேடிப் போனார் என்பதை நான் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

இனி பெரம்பலூர்க் கடையில் உருவாகும் பண்டத்தைப் பார்ப்போம். ஃபிளக்ஸ் பேனரைக் கலை விமர்சனம் தொடுவதில்லை. தொட்டாலும் 'கண்ணை உறுத்தும் நிறம்' என்று சொல்லி நகர்ந்துவிடும். நிறத்தைவிட அதன் இலக்கணம் முக்கியம். மஞ்சள் நீராட்டு விழா பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பட்டுப்புடவையும் கிரீடமுமாக ஒரு சிறுமி. பின்னால் அருவி, மயில், சில சமயம் சுவிட்சர்லாந்து. மேல் வரிசையில் கட்சித் தலைவர்கள் அல்லது நடிகர்கள். இடப்பக்கம் தாய்மாமன்கள், கூலிங் கிளாஸோடு, பெயரும் பட்டமும் தடித்த எழுத்தில். கீழ் வரிசையில் வட்டத்துக்குள் வட்டமாகச் சித்தப்பா, பெரியப்பா, அவர்களின் நண்பர்கள். சிறுமியின் அம்மா பெரும்பாலும் படத்தில் இருக்க மாட்டார். இருந்தால் கணவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிய பெயராக இருப்பார். ஒரு பெண்ணின் உடலில் நடந்த மாற்றம் பத்துக்கு எட்டு அடியில் ஊருக்கு அறிவிக்கப்படுகிறது. அறிவிப்பவர்கள் அனைவரும் ஆண்கள்.

அந்தச் சிறுமியின் படத்தைப் பின்னணியிலிருந்து முடி முடியாக வெட்டி எடுத்தது யார்? 'பாப்பாவுக்குக் கொஞ்சம் கலர் ஏத்துங்க' என்று வாடிக்கையாளர் சொன்னதும் அவள் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கியது யார்? பல கடைகளில் அவளைவிட ஏழெட்டு வயதே மூத்த இன்னொரு பெண். பி.ஏ. முடித்த கையோடு நான் இரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோல் நிறத்தின் சாதி வரிசையையும், யார் படம் யார் படத்தைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதன் அரசியலையும், எந்த நிறப் பட்டை எந்தத் தெருவுக்குரியது என்பதையும் எந்த வரைகலைப் பள்ளியும் கற்றுத்தராத நுட்பத்தோடு அங்கேதான் கற்றேன். எழுத்தின் அளவு என்பது அதிகாரத்தின் அளவு. இதை அறிந்தவள் வடிவமைப்பாளர் இல்லையென்றால் வேறு யார் வடிவமைப்பாளர்?

அதே சுவர்களில் பெண் முகம் இன்னொரு விதமாகவும் வரும். மே மாதத்தில் தனியார் பள்ளிகள் மாநிலப் பொதுத்தேர்வில் மதிப்பெண் வாங்கிய மாணவிகளை வரிசையாக நிறுத்தி பேனர் வைக்கும். இரட்டைச் சடை, சீருடை, பக்கத்தில் எண். அடுத்து அவள் முகத்தைச் சுவரில் பார்ப்பது திருமண வாழ்த்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் என்ன ஆனாள், எங்கே வேலைக்குப் போனாள் என்று சொல்லும் பேனர் வகை ஒன்று எங்கள் கடையின் கோப்புகளில் இருந்ததில்லை. 2017 செப்டம்பரில் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதாவின் முகமும், 1200க்கு அவர் பெற்ற 1176 என்ற எண்ணும் தமிழ்நாடெங்கும் சுவரொட்டிகளாயின. எங்கள் மாவட்டத்துப் பெண்ணொருத்தியின் முகம் அவள் என்னவாக விரும்பினாள் என்பதற்காகச் சுவரேறியது அப்போதுதான். அதற்கு அவள் உயிரோடு இல்லாமல் போக வேண்டியிருந்தது.

இந்தப் பண்டத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயது சுபஸ்ரீ மீது ஒரு திருமண வரவேற்பு பேனர் விழுந்தது. தடுமாறிச் சரிந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. நகரத்தில் வேலைக்குப் போகும் இளம்பெண்ணின் பாதையில், வீட்டுப் பெருமையை ஊருக்கு அறிவிக்கும் பதாகை வந்து விழுந்தது. இதைக் குறியீடாக்கி அழகு பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் ஃபிளக்ஸைப் பற்றி எழுதும் எந்தப் பெண்ணும் இதைச் சொல்லாமல் கடக்க முடியாது.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கேட்டால் முதலில் கேட்பது போர்ட்ஃபோலியோ. செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் கோப்பு. அதை நடுநிலையான சான்றாகவே எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதை ஓர் எழுத்து வகையாக வாசிக்கிறேன். அது தன்வரலாற்றின் ஒரு கிளை. அதற்கு ஒரு 'நான்' வேண்டும். அந்த நான் தனியாக யோசித்திருக்க வேண்டும், தனியாக முடித்திருக்க வேண்டும். யாரும் கேட்காமலே சொந்த விருப்பத்தில் செய்த வேலைகள் நான்கைந்து இருந்தால் இன்னும் நல்லது. சொந்த விருப்பத்தில் செய்ய மாலைப்பொழுது வேண்டும், வீட்டில் கணினி வேண்டும், தண்ணீர் பிடிக்கவும் அடுப்பு பார்க்கவும் வேறு ஆள் வேண்டும். கோப்பின் வெண்மையான பக்கங்களில் இந்த மாலைப்பொழுதுக்கான செலவு எங்கும் எழுதப்பட்டிருக்காது.

அமெரிக்க வடிவமைப்பு வரலாற்றாளர் மார்த்தா ஸ்காட்ஃபோர்டு 1994இல் எழுதிய கட்டுரையொன்றில் ஒழுங்கான வரலாறு, ஒழுங்கற்ற வரலாறு என்று இரண்டைப் பிரித்தார். புகழ்பெற்ற தனி ஆண், அவரது புகழ்பெற்ற தனிப்படைப்பு என்று வரிசையாக அடுக்கப்படுவது முதலாவது. கூட்டாகவும் விட்டுவிட்டும் சிறு இடங்களிலும் பெண்கள் செய்த வேலை இரண்டாவதில் கிடக்கிறது. அதற்கு எட்டாண்டு முன்பே, 1986இல், ஷெரில் பக்லி 'மேட் இன் பேட்ரியார்க்கி' என்ற கட்டுரையில் வடிவமைப்பு வரலாறு எதைத் தன் பொருளாகத் தேர்கிறது என்பதிலேயே ஆணாதிக்கம் இருக்கிறது என்று காட்டினார். இவர்களை வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: போர்ட்ஃபோலியோ, ஒழுங்கான வரலாற்றின் நுழைவுச்சீட்டு. ஒழுங்கற்ற வரலாற்றிலிருந்து வரும் பெண், தன் இரண்டு ஆண்டு உழைப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர முடிகிறது.

நான் விண்ணப்பித்த ஓர் இடத்தில் என் கோப்பைப் புரட்டியவர், 'இதெல்லாம் ஃபிளக்ஸ் வொர்க், இதை எடுத்துட்டு உங்க வொர்க்கை மட்டும் அனுப்புங்கம்மா' என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதை எடுத்துவிட்டால் என்னிடம் மீதி இருந்தது நான் வேலை பார்க்காத நாட்களில் செய்தவை மட்டும். வேலை பார்த்த அனுபவம் இரண்டு ஆண்டு கேட்கிறார்கள். பார்த்த வேலையைக் காட்டினால் அது வேலையில்லை என்கிறார்கள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாணவிகள் அறிந்திருப்பது நல்லது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளத்துக்குப் பணியில் இருந்தபோது செய்த படைப்பின் முதல் உரிமையாளர் முதலாளி. அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமை கைமாறிய பின்னும் 'இதைப் படைத்தவள் நான்' என்று கோரும் உரிமையைப் படைத்தவரிடமே வைத்திருக்கிறது. ஆகவே வேலையில் சேரும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் செய்ததை என் கோப்பில் காட்டலாமா, எழுத்தில் தருவீர்களா? பெண்கள் சம்பளத்தைக் கேட்கவே கூச்சப்படுமாறு வளர்க்கப்படுகிறோம். பெயரைக் கேட்பது அதைவிடப் பெரிய துணிச்சலாக இருக்கிறது.

தொலைதூரம் போய் வென்ற வடிவமைப்பாளரின் கதை எங்கள் பகுதியில் ஒன்று எல்லோருக்கும் தெரியும். பெரம்பலூருக்கு வடக்கே கள்ளக்குறிச்சியில் பிறந்த டி. உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியீட்டை 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, மும்பை ஐஐடியில் வடிவமைப்பு, பின்பு குவாஹாட்டி ஐஐடியில் ஆசிரியப் பணி என்று போன பாதை அவருடையது. தமிழ் எழுத்துரு ஆய்வும் அவருடைய துறை. அந்தச் செய்தியில் நானும் மகிழ்ந்தேன். அவருடைய தகுதியில் எனக்குக் கேள்வியே இல்லை. அந்தக் கதை சொல்லப்பட்ட விதத்தில்தான் கேள்வி. சின்ன ஊர், பெரிய நகரம், திறமை என்று மூன்று புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டார்கள். அவருடைய அப்பா முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என்பதும் அதே செய்திகளில் இருந்தது. கோடு போட்டவர்கள் அதைத் தொடவில்லை. அந்தப் பாதை நெடுகிலும் கல்வி நிறுவனங்கள் இருந்தன என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

இது முக்கியமானது. நிறுவனம் என்றால் விடுதி, நூலகம், வாசலில் காவலாளி, ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர். எங்கள் வீடுகளில் ஒரு பெண் படிக்க வெளியூர் போவதை ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அது இன்னும் வீட்டின் நீட்சிதான். முடியும் தேதி இருக்கிறது. வேலை தேடிப் போவதற்கு நிறுவனத்தின் கூரை கிடையாது. வேலை இன்னும் கிடைக்கவில்லை, தங்குமிடம் தற்காலிகம், திரும்பும் தேதி இல்லை. 'படிக்கப் போயிருக்கா' என்ற வாக்கியத்துக்கு இருக்கும் கௌரவம் 'வேலை தேடிப் போயிருக்கா' என்பதற்கு இல்லை. மகன் அப்படிப் போனால் அது போராட்டம், சினிமாவில் பாட்டே வைப்பார்கள். மகள் போனால், 'யார்கூட?' என்பதுதான் முதல் கேள்வி.

அரசு செய்திருப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஊரிலிருந்து அரியலூருக்கு என் அம்மா இப்போது யாரிடமும் காசு கேட்காமல் வந்து போகிறார். ஆனால் டவுன் பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே அந்தச் சுதந்திரமும் நின்றுவிடுகிறது. சென்னைக்குப் போகும் விரைவுப் பேருந்துக்கோ, அரியலூரில் நிற்கும் ரயிலுக்கோ அது செல்லாது. பணிபுரியும் பெண்களுக்கான தோழி விடுதிகள் வந்திருக்கின்றன, பெரம்பலூரிலும் உண்டு. நல்லது. ஆனால் பணிபுரியும் பெண்ணுக்குத்தான் விடுதி. பணி தேடும் பெண்ணுக்கான முதல் இரண்டு மாதத்துக்கு எந்தக் கட்டடமும் இல்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் எத்தனையோ பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். திறமை போதாமல் திரும்பினார்கள் என்று ஊர் நினைக்கிறது. முன்பணமும் வாடகையும் போதாமல் திரும்பியவர்களே நான் பார்த்தவர்களில் அதிகம்.

நேர்காணலில் கேட்கப்பட்டவற்றை நான் எழுதி வைத்திருந்தேன். 'எங்க தங்குவீங்க?' 'வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?' 'கல்யாணம் பாக்குறாங்களா?' 'நைட் லேட் ஆனா பிரச்சினை இல்லையே?' நான்கும் அக்கறையின் குரலில் கேட்கப்பட்டவை. நான்கில் ஒன்றுகூட வடிவமைப்பைப் பற்றியது இல்லை. நான்காவது கேள்விக்கு விடுதிகளிடம் ஒரு பதில் இருந்தது: ஒன்பதரைக்குக் கதவு சாத்தப்படும். ஸ்டூடியோவின் நேரமும் விடுதியின் நேரமும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டும் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றித்தான் பேசுகின்றன, இரண்டுக்கும் நடுவில் நிற்பவள் வேலையை இழக்கிறாள்.

வரைகலை ஸ்டூடியோக்கள் பலவும் ஐந்தாறு பேர் கொண்டவை. இந்த எண்ணிக்கைக்கு ஒரு பொருள் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மகப்பேறு நலச் சட்டமும் கடைகளையும் அலுவலகங்களையும் பொறுத்தவரை அதே பத்தில்தான் தொடங்குகிறது. 'இங்க நாம ஒரு ஃபேமிலி மாதிரி' என்று சின்ன ஸ்டூடியோவில் சொல்லும்போது அது உண்மையாகவே குடும்பம் மாதிரிதான் இருக்கிறது: கேட்க ஆள் இல்லை. துன்புறுத்தல் புகாருக்கு நீங்கள் அங்கே பணியில் சேர்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பணியாளராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சட்டம் பொருந்தும்.

'எதுக்கு அவ்வளவு தூரம்? இப்பதான் எல்லாத்தையும் வீட்டுல இருந்தே செய்யலாமே' என்ற வாதம் 2020க்குப் பிறகு வலுத்திருக்கிறது. சில பெண்ணியத் தோழிகளும் இதைச் சொல்கிறார்கள். வீடு என்பது எல்லோருக்கும் ஒரே வீடு என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. வீட்டிலிருக்கும் மகளின் நேரம் வேலை நேரமாக எண்ணப்படுவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவளை மாவு அரைக்கக் கூப்பிடலாம், விருந்தாளிக்குக் காபி வைக்கச் சொல்லலாம். பணம் வரும், ஆனால் அது யார் கணக்குக்கு வருகிறது என்பது தனிக் கதை. எறையூர் காலணிப் பூங்காவுக்குப் போகும் எங்கள் பக்கத்துப் பெண்கள் 'வீட்டை விட்டு எட்டு மணி நேரம்' என்பதைக் கூலியின் ஒரு பகுதியாகவே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நகரத்து ஸ்டூடியோ எனக்குத் தந்ததும் அதுதான். கூடவே, பக்கத்து மேசையில் இருந்துகொண்டு 'இந்த இடைவெளி கொஞ்சம் இறுக்கமா இருக்கு' என்று என் எழுத்துகளைத் திருத்திய ஒரு பெண்ணையும் தந்தது. தொழில் என்பது அப்படித்தான் கைமாறுகிறது. திரை வழியே தீர்ப்பு வருகிறது, திருத்தம் வருவதில்லை.

அதற்காக ஊரைவிட்டுப் போவதையே விடுதலை என்று எழுதிவிடவும் எனக்கு விருப்பமில்லை. நம் பெண்ணெழுத்தில் இந்தக் கதை அதிகம் எழுதப்பட்டுவிட்டது: ரயில் ஏறியதும் சிறகு முளைக்கிறது. அந்தக் கதையில் பின்தங்கிய பெண்கள் எல்லோரும் தோற்றவர்களாகிவிடுகிறார்கள். பெரம்பலூர்க் கடையில் இன்றும் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் என் பழைய தோழி தோற்றவள் இல்லை. அவள் பார்ப்பது நான் பார்க்கும் அதே வேலை. எனக்கு 'டிசைனர்' என்ற பெயரும் அதற்குரிய சம்பளமும் கிடைக்க நான் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது என்றால், கேள்வி கேட்கப்பட வேண்டியது அவளிடம் இல்லை, பெயர் வைக்கும் முறையிடம்.

மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது நடைமுறை சார்ந்தது. ஃபிளக்ஸ் வேலையைக் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். பேனரில் இருக்கும் சிறுமியின் முகத்தையும் பெயர்களையும் மறைத்துவிட்டு, அந்த வேலையில் நீங்கள் எடுத்த முடிவுகளை இரண்டு வரியில் எழுதுங்கள்: எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள், எத்தனை முகங்களை எப்படி வரிசைப்படுத்தினீர்கள், இருபது அடி தூரத்திலிருந்து படிக்க எழுத்தை எப்படி அமைத்தீர்கள், நிறத்தை வெளுப்பாக்கச் சொன்னபோது என்ன செய்தீர்கள். இதைப் படித்தும் 'இது வேலையில்லை' என்று சொல்லும் இடத்தில் வேறு எதுவும் எடுபடாது. தேர்வுக்காகச் சம்பளமில்லாமல் முழு வேலை செய்து தரச் சொன்னால், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். கிளம்பும்முன் இரண்டு மாதச் செலவைச் சேர்ப்பது பற்றி வீட்டில் பேசுங்கள், நகைக்குச் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவதுபோலவே வெளிப்படையாக.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பெண்ணிய நூல்களை வெளியிடும் நாம், புத்தகத்தின் உரிமைப் பக்கத்தை எப்படி நிரப்புகிறோம்? அட்டை ஓவியருக்குப் பெயர் இருக்கும். உள்பக்கங்களைத் தட்டச்சிட்டு, ஒற்று மிகும் இடங்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, பக்கம் கட்டியவருக்குப் பல நூல்களில் பெயர் இருப்பதில்லை. அவர் வேலை பார்க்கும் அச்சகத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரில்லாதவர் பெரும்பாலும் ஒரு பெண். இந்தக் கட்டுரையை அனுப்பும்போது பதிப்பாளரிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை, இந்தப் பக்கங்களைக் கட்டியவரின் பெயர் உரிமைப் பக்கத்தில் வர வேண்டும் என்பதுதான். அவருடைய பெயருக்கு முன்னால் 'தட்டச்சு' என்று போடுவதா, 'வடிவமைப்பு' என்று போடுவதா என்பதை அவரிடமே கேட்டுப் போடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.